குடைமிளகாய்க் கூடாரத்தைப் பிரிக்க வரும் மகனுக்கு

தம்பி,

வியாழக்கிழமை காலையில் மாமனாராகப் போகிறவருடைய லொறி வரும், கூடாரத்தைப் பிரித்து ஏற்றவேண்டும், பாக்கியத்தின் புருஷனையும் இன்னும் இரண்டு பேரையும் சொல்லிவையுங்கள் என்று நேற்றுப் போனில் சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள், "சரிம்மா, கஸ்டமர் வந்துட்டாங்க" என்று வைத்தும்விட்டாய். ஹட்டனில் போன் கடையில் வேலை செய்கிறவனுக்குப் பெற்றவளோடு பேசத்தான் போன் கிடைப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேசமுடியாது. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பாக்கியத்தின் மகள் நாளைக்கு டவுனுக்கு வகுப்புக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். கடையில் நின்றபடி நாலு வரி பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் செருகாதே. ரூமுக்குப் போய் உட்கார்ந்து முழுதும் வாசி. உனக்குத் தெரியவேண்டிய ஒரு விசயம் கடைசியில் இருக்கிறது. ஆனால் முதலில் இருந்து வாசித்தால்தான் அது உனக்கு உறைக்கும்.

மகனுக்குக் கல்யாணம் என்றால் தாய் புத்தி சொல்லி எழுதுவாள். பொண்டாட்டியைக் கண் கலங்க வைக்காதே, சம்பாதிப்பதில் கொஞ்சம் மிச்சம் பிடி, மாமனார் வீட்டில் அளவோடு பேசு என்று எழுதுவாள். அதோடு தன் தப்பையும் நாலு சொல்லி, மனதில் வைத்துக்கொள்ளாதே ராசா என்று முடிப்பாள். நானும் அப்படி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அகப்படுவதெல்லாம் ஆத்திரம்தான். வயிறு எரிகிறது என்பார்களே, அது வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். இந்த மூன்று வாரமாக எனக்கு நிஜமாகவே சோறு இறங்கவில்லை.

முதலில் நீ என்ன செய்யப் போகிறாய் என்று உனக்கே தெளிவாகத் தெரியட்டும். நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானோரம் இருக்கிற அந்தத் துண்டு நிலம் நமக்குச் சொந்தமில்லை. தோட்டத்து நிலம். பயிர் இருக்கிறவரை ஆளவிடுவார்கள், வெறுமனே கிடந்தால் எடுத்துக்கொள்வார்கள். போன மாதம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரையே வந்து, சும்மா கிடக்கிற துண்டுகளில் எல்லாம் மறுபடி தேயிலை நடப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மேல் லயத்துக்காரர்களின் இரண்டு துண்டில் குழி வெட்டியும் ஆயிற்று. கூடாரத்தை நீ மாமனார் நிலத்துக்கு ஏற்றிக்கொண்டு போனால் அடுத்த வாரம் என் நிலத்தில் தேயிலைக் கன்று நிற்கும். என் பேரைத் தோட்டத்தில் வெட்டி மூன்று வருடம் ஆகிறது. கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏற இனி முழங்கால் விடாது. காலையில் எழும்பினால் போய் நிற்பதற்கு எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்றால் அது அந்தக் கூடாரம்தான். அதைத்தான் நீ கழற்றி லொறியில் போடப்போகிறாய். "பழைய பொலித்தீன்தானேம்மா" என்று வேறு சொல்கிறாய்.

நீதான் ஆரம்பித்தாய். அதை நான் எங்கேயும் மறைத்துப் பேசியதில்லை. கொழும்பில் நீ வேலை செய்த கடையை மூடியதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஒரு மாதம் போல வாசல் இஸ்தோப்பில், வாங்குப் பலகையில் படுத்துப் போனைத் தடவிக்கொண்டே கிடந்தாய். அப்பா செத்த பிறகு நீ வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் திடுதிப்பென்று எழும்பி உட்கார்ந்து, "அம்மா, செவப்பு பெல் பெப்பர் போடுவோமா? நம்ம குளிருக்கு நல்லா வருமாம்" என்று கேட்டாய். உன் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்ததும் அது என்ன காய் என்றுகூட நான் கேட்கவில்லை. சரி என்றேன். ஏதோ ஒரு திட்டத்தில் உன் பேரில் பொலித்தீனும் சொட்டுக் குழாயும் தொட்டியும் கிடைத்தன. காற்றுக்கு முறிந்து விழுந்த கருப்பந்தைல மரத்துக் கிளைகளைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி, நீயும் நானும் பாக்கியத்தின் புருஷனுமாகச் சுமந்து வந்து கம்பு நட்டோம். உன் உள்ளங்கை எல்லாம் கொப்புளம். அந்த நாட்களில் நீ உழைத்தாய், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

லயமே கூடிச் சிரித்தது. "மொளகான்னா வாயில வச்சா கண்ணுல தண்ணி வரணும். காரமே இல்லாத மொளகாய என்னாத்துக்குடா போடுறீங்க?" என்று பாக்கியம் கேட்டாள். உனக்கு ரோசம் வந்து இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கன்றுகள் முழங்கால் உயரம் வந்து தண்டு இரண்டாகப் பிரியும் இடத்தில் முதல் பூ வைத்ததும் நீ சாமி கும்பிடாத குறை. விவசாயக் கந்தோர் அதிகாரி, அந்தச் சிங்கள மாத்தயா, வந்து பார்த்து, அந்த முதல் பூவை எல்லாச் செடியிலும் கிள்ளி எறிந்துவிடவேண்டும், இல்லாவிட்டால் செடி வளராமல் அந்த ஒரு காயையே தூக்கிக்கொண்டு நின்றுவிடும் என்றார். நீ தலையை ஆட்டினாய். அவர் போனதும், "மொதப் பூவுலயே கை வைக்கச் சொல்றாரும்மா, எனக்கு மனசு வரல" என்று கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாய். கத்தரிக்கோல் எதற்கு? முப்பது வருடம் கொழுந்து பறித்த விரல் இது. ஒரு பொழுதில் எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டேன். நீ தொட்டிக்குப் பின்னால் ஒரு வரிசையை எனக்குத் தெரியாமல் மறைத்துவைத்தாய். அந்த வரிசை கடைசிவரை இடுப்புக்கு மேல் வளரவே இல்லை. நான் ஒரு வார்த்தை உன்னைக் குத்திக்காட்டினேனா? இல்லை. இப்போது காட்டுகிறேன். மனசு வராத வேலையை எல்லாம் என் கையில் தள்ளிவிடுவது அன்றைக்குத் தொடங்கியதுதான்.

காய் பருத்துப் பச்சையாகப் பளபளவென்று தொங்கியபோது நுவரெலியாவில் இருந்து வியாபாரி வந்தான். இப்போதே எல்லாவற்றையும் தருகிறீர்களா என்று கேட்டான். உனக்குக் கை பரபரத்தது. பச்சையாகக் கொடுத்தால் அன்றைக்கே வேலை முடிந்தது. சிவக்கவேண்டும் என்றால் இன்னும் மூன்று வாரமாவது செடியிலேயே விடவேண்டும். அந்த மூன்று வாரத்தில்தான் எல்லாம் வரும். பனி இறங்கி உள்ளே சொட்டினால் காம்படியில் அழுகும். எலி வரும். காற்று வந்து பொலித்தீனைக் கிழிக்கும். ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் பச்சையாக நிற்கிற காயை இன்னும் நாலு நாள் விடவா, வெட்டவா என்று தினமும் போய்த் தடவிப் பார்க்கவேண்டும். பாதியைப் பச்சையாகக் கொடுத்துவிட்டு, பாதியைச் சிவக்க விடலாம் என்று நான்தான் சண்டை பிடித்தேன். அந்த வாரத்தில்தான் உனக்கு ஹட்டன் கடையில் வேலை வந்தது. "செவக்குற வரைக்கும் எல்லாம் பாத்துக்கிட்டு இருக்க ஏலாதும்மா, நீங்க பாத்துக்குங்க" என்று பஸ் ஏறினாய். அன்றைக்குப் போனவன்தான். அதற்குப் பிறகு எத்தனை தடவை கன்று நட்டேன், எத்தனை தடவை நூல் கட்டினேன், எத்தனை தடவை பொலித்தீனுக்கு ஒட்டுப் போட்டேன் என்று உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசலில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டு போவாய்.

அப்போது நான் இன்னும் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாலையில் மலையிலிருந்து இறங்கினால், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நேரே கூடாரத்துக்குள் நுழைவேன். அந்த ஆசை எனக்கு. இரண்டாம் தடவை நட்ட கன்றுகள் எல்லாம் குருத்துச் சுருண்டு, இலை தடித்து, பூ உதிர்ந்து நின்றன. கண்பட்டுவிட்டது என்று பாக்கியம் கூடார வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினாள். நானும் மாரியம்மன் கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து தூவினேன். மாத்தயா வந்து ஒரு குருத்தைக் கிள்ளிக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மே, இது தேயிலையில இருக்கிற உண்ணி. கண்ணுக்குத் தெரியாது. நீங்கதான் உடுப்புல கொண்டு வாறது" என்றார்.  நான் ஆசையாக ஓடி ஓடி வந்ததுதான் செடிக்குச் சாவு. அன்றிலிருந்து மலையிலிருந்து இறங்கினால் முதலில் தண்ணீர் விழும் பீலிக்குப் போவேன். அந்த ஐஸ் தண்ணீரில், பனி மூட்டத்தில், தலையோடு குளித்து வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் கூடாரத்துக்குள் கால் வைப்பேன். மார்கழிக் குளிரிலும் குளித்தேன். காய்ச்சலோடும் குளித்தேன். "ஒனக்கு என்னா பைத்தியமா? புருஷன் செத்தப்பகூட நீ இப்புடி முழுகல" என்று பாக்கியம் பீலியில் வைத்தே திட்டினாள். உனக்கு இதெல்லாம் செய்தி. படத்தில் குளிர் தெரியாதே.

அந்தப் பாக்கியத்தையே இந்தக் காய் வளைத்துப் போட்டது எப்படி என்று உனக்குத் தெரியுமா? வடிவு கெட்ட காய்களை வியாபாரி எடுக்கமாட்டான். ஒரு நாள் நன்றாகச் சிவந்த நாலு காயை அடுப்புத் தணலில் அப்படியே போட்டுச் சுட்டேன். தோல் கரியாகி வெடித்ததும் எடுத்து உரித்தால் உள்ளே இனிப்பாக, வழுவழுவென்று, நல்ல வாசம். இரண்டு பல் பூண்டு, உப்பு, கொஞ்சம் காய்ந்த மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்து அம்மியில் ஓட்டி, சுடச்சுட ரொட்டியோடு கொடுத்தேன். பாக்கியம் நாலாவது ரொட்டிக்குத்தான் வாயைத் திறந்தாள். "காரமில்லாட்டி என்னா, இது வேற ருசி" என்றாள். இப்போது லயத்தில் பிள்ளைப் பெற்றவளுக்கும் அதுதான், பல் போன கிழவனுக்கும் அதுதான். கருவாட்டோடு போட்டுப் பிரட்டினால் அது இன்னொரு ருசி. நீயும் ஒரு போத்தல் கேட்டு வாங்கி உன் முதலாளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "எங்க வாங்குனன்னு கேட்டாரு" என்றாய். அதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

இப்போது நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் பொண்ணு வீட்டார் வந்தார்கள். ஹட்டனில் மரக்கறிக் கடையும் லொறியும் சொந்த நிலமும் உள்ள மனுஷன் நம் லயத்துக்குப் படியேறி வருகிறார் என்று எனக்கும் பெருமைதான், பொய் சொல்லமாட்டேன். தட்டு மாற்றி முடிந்ததும் நீ எல்லோரையும் கூடாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். தேயிலைக்குள்ளால் குறுக்கு வழியில் நடந்து வந்த காலோடு, அதே உடுப்போடு, பத்துப் பன்னிரண்டு பேரும் திமுதிமுவென்று உள்ளே போனார்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு பின்னால் ஓடி வருகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமா அத்தை?" என்று கேட்டது கல்யாணப் பொண்ணு, உன் நிரோஷா ஒருத்திதான். அவளுடைய சித்தப்பா ஒரு காயைப் பிடித்துத் திருகி இழுத்தார். காயோடு கொப்பும் கிழிந்து வந்தது. "ஐயோ, பிடுங்காதீங்க! காம்போட வெட்டணுங்க!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். நீ என்னைப் பார்த்து முறைத்தாயே ஒரு முறைப்பு. "அம்மா, நீங்க போய் வேலையப் பாருங்க" என்றாய். எந்த வேலையைப் பார்க்கச் சொன்னாய்? என் வேலை அங்கேதான் கொப்புக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நான் போகவில்லை. தட்டோடு அங்கேயே நின்றேன். அப்போதுதான் உன் மாமனார் கேட்டார். "மாப்பிள்ள, நீங்க டவுன்ல வேலையில நிக்கிறீங்க. இம்புட்டுச் செடிக்கு நூல் கட்டி, கொழுந்து கிள்ளி, யாரு பாக்குறா?" நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆள் வச்சிருக்கேன் மாமா" என்றாய். நான் நின்ற இடத்துக்கும் நீ நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு செடி வரிசைதான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாய். தம்பி, என்னைக் கொழுந்து பறிக்கிறவள் என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால் அதை நான் பொறுத்துக்கொள்வேன். அந்த வெட்கம் இந்த மலையில் பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கிறது, ஏன் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் இது கொழுந்து இல்லையே. சொல்லிக்கொள்ளப் பெருமையான ஒரு காரியத்தை உன் அம்மா செய்திருக்கிறாள். அதையும் எடுத்து உன் சட்டையில் குத்திக்கொண்டாய். இத்தனை காலமும் கணக்கப்பிள்ளை வாயிலும் கங்காணி வாயிலும் "ஆள்" என்று கேட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பெற்ற பிள்ளை வாயில் கேட்டபோது தட்டை யாருக்கும் நீட்ட மறந்து நின்றேன். நிரோஷா வந்துதான் தட்டை வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் போன ஒரு வாரத்தில் முன்வரிசைக் குருத்தெல்லாம் சுருண்டன. மூன்று வரிசையை வெட்டித் தூரக் கொண்டுபோய் எரித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், "அதான் அங்க கொண்டு போகப் போறோமே" என்பாய். மாமனாருக்குச் சொந்த நிலம் இருக்கிறது, றோட்டோரம், லொறி வாசல்வரை வரும், தண்ணீர் இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனாய். எல்லாம் சரி. கடைசியில், "நீங்களும் அங்க வந்துருங்கம்மா. மாமா நெலத்துல பின்னுக்கு ஒரு ரூம் இருக்கு. ஒங்களுக்குத்தானே எல்லா வேலையும் தெரியும்" என்றாயே, அதைச் சொல்லும்போது உனக்கு நாக்குக் கூசவில்லையா? அங்கே வந்து நான் யாராக இருப்பேன்? சம்பந்தியாகவா, ஆளாகவா? கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்த பொம்பளை, மறுநாள் காலையில் சம்பந்தி நிலத்தில் பின்ரூமில் இருந்து எழும்பி வந்து நூல் கட்டவேண்டும். அதுவும் நீ சொன்ன பொய் வெளியே வராமல் இருக்க, கண்டும் காணாத மாதிரி நிற்கவேண்டும். அதை நீ யோசிக்கவில்லை என்றால் மடையன். யோசித்துத்தான் கேட்டாய் என்றால் உனக்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நிரோஷா என்னைப் போனில் கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா, முழங்கால் எப்படி இருக்கு என்று விசாரித்துவிட்டு, "அத்தை, கூடாரத்துல வேலை செய்றவங்க எத்தன பேரு? அப்பா கேக்கச் சொன்னாங்க. அவங்களையும் இங்க கூட்டிக்கிட்டு வரணும்ல, தங்குறதுக்கு இடம் பாக்கணும்" என்றாள். வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று நீ நினைக்கிறாய்? நாலு பேர் என்று உன் பொய்க்கு நானும் ஒட்டுப் போட்டிருக்கவேண்டுமா? பொலித்தீனுக்கு ஒட்டுப் போட்டே என் காலம் போய்விட்டது. "ஒரே ஆள்தாம்மா. அந்த ஆள் இந்த எடத்த விட்டு வரமாட்டா" என்றேன்.  "அத்தை, நீங்களா?" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "அன்னிக்கு நீங்க கத்தினப்பவே நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

போனை அவள் அப்பா வாங்கினார். அவர் மரக்கறி வியாபாரி, பேச்சை வளர்க்கமாட்டார். "சம்பந்தியம்மா, பயிர் வளக்குறவங்க இல்லாத வெறும் பொலித்தீன வச்சிக்கிட்டு நான் என்னா பண்ணப் போறேன்? அது அங்கயே இருக்கட்டும். லொறி வராது. காய மட்டும் எனக்குக் குடுங்க" என்றார்.  கூடாரம் தப்பியது என்று சந்தோசப்படுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். "மாப்பிள்ளைகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேணாம். நான் மறுபடி ஒருக்காக் கேப்பேன். அவர் வாயாலயே வரட்டும். பொண்ணக் குடுக்குறவன், பாக்கணும்ல." நிரோஷாவும் போனை வாங்கி, "அவரே சொல்லிருவாரு அத்தை, பாருங்களேன்" என்றாள். அவளுக்கு உன்மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் சொல்லமாட்டேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தேன்.

நேற்று ராத்திரி நீ அங்கே சாப்பிடப் போயிருக்கிறாய். சோற்றில் கை வைத்திருக்கும்போது அவர் உன்னைக் கேட்டிருக்கிறார், எத்தனை ஆள் மாப்பிள்ளை என்று. தெரியாமல் கேட்கவில்லை, தெரிந்துகொண்டேதான் கேட்டார். "நாலு பேர் மாமா. அதுல ஒருத்தி வயசான பொம்பள, அவளுக்குத்தான் வேல நல்லாத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறாய். இன்று காலையில் நிரோஷா இதைச் சொன்னபோது அழக்கூட இல்லை. "அப்பா அதுக்கப்புறம் சாப்பிடாம எழும்பிட்டாங்க அத்தை. அவரு அதக் கவனிக்கவே இல்ல, ரசம் கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டாரு" என்றாள். கல்யாணத்தைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் நீ லீவு போட்டுவிட்டுச் சந்தியில் வந்து நிற்பாய். வராத லொறிக்காக நிற்பாய். அங்கேதான் உன்னிடம் வந்து பேசுவதாக அவர் சொல்லியிருக்கிறாராம். என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் இப்போது தெரியும்.

அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இன்று மத்தியானம்வரை இருந்தேன். நன்றாகப் படட்டும், சந்தியில் நாலு பேர் பார்க்கத் தலை குனிந்து நிற்கட்டும் என்று ஆசையாகவே இருந்தது. உன்னை வளர்த்த கையாலேயே உன்னைப் பிடித்துத் தள்ள வருமா என்று பார்த்தேன், வரவில்லை. இதை எழுதியதால் நான் கொடுத்த வாக்கு போயிற்று. முதல் தடவையாக அந்தப் பிள்ளைக்கு நான் துரோகம் செய்கிறேன், அதுவும் உனக்காக. இது உன் கைக்கு வந்த அன்றைக்கே மாலையில் அவர் கடை சாத்துமுன் போ. லொறியைப் பற்றிப் பேசாதே, நிலத்தைப் பற்றிப் பேசாதே. "அது எங்கம்மா பயிர் மாமா, நான் பொய் சொன்னேன்" என்று சொல். நிரோஷாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல். நான் எழுதித்தான் வந்தாய் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே. நீயாகவே மனம் பொறுக்காமல் வந்ததாக அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நல்ல பிள்ளை என்பார்கள். என்னிடமும் வந்து பெருமையாகச் சொல்வார்கள், நானும் அப்படியா என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தடவையும் வேலை என்னுடையது, பேர் உன்னுடையது. வைத்துக்கொள். கூடாரத்தின் பக்கம் மட்டும் வந்துவிடாதே.

அம்மா